முறிந்த மரையாணிக்கு யார் கூலி கொடுப்பது?

கடந்த மாதம் இரத்தோட்டையில் ஒரு சாவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஏற்றத்தின் பாதியில் என்னுடைய கார் கொதித்து நின்றது. காரின் வயதை அறிந்தவர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். அது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். தேயிலைத் தோட்டமொன்றில் டீமேக்கராக இருந்த என் தந்தையார் பழைய காராகவே வாங்கியது. சிங்கள ஸ்ரீ எழுத்து பொறித்த அதன் இலக்கத் தகடு இன்றும் அப்படியே இருக்கிறது. அந்த ஒற்றை எழுத்துக்காக 1958இல் இந்த நாட்டில் எத்தனை வாளி தார் செலவானது என்பதை இன்றைய இளைஞர்கள் அறியமாட்டார்கள். அது வேறு கதை.

பக்கத்துத் தோட்டத்துக்குப் பசளை ஏற்றிவந்த லொறியொன்று கயிறு கட்டி இழுத்துவர, காரை மாத்தளை நகருக்கு வெளியே உள்ள ஒரு கராஜில் விட்டேன். குறை சிறியதுதான். எஞ்சின் தலையின் முன்புறத்தில், றேடியேற்றருக்குச் சுடுநீர் செல்லும் வாயில் ஓர் அலுமினிய மூடி இருக்கிறது. தெர்மோஸ்ரற் எனப்படும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி அதற்குள்தான் இருக்கும். அந்த மூடி அரித்துத் தண்ணீர் கசிந்திருக்கிறது. மூன்று நட்டுகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, புதிய மூடியைப் போட்டால் வேலை முடிந்தது. ஒரு மணித்தியால வேலை என்றார் கராஜின் முதலாளி.

முதலாவது நட்டு கழன்றது. இரண்டாவதும் முனகிக்கொண்டே கழன்றது. மூன்றாவதில் ஸ்பானரைப் போட்டு அங்கே வேலை பழகும் பையன் ஓர் இழுப்பு இழுத்தான். சுள்ளி முறிவதைப் போல ஒரு சத்தம். நட்டும் அதனோடு மரையாணியின் மேற்பாதியும் அவன் கையோடு வந்துவிட்டன. கீழ்ப்பாதி எஞ்சின் தலையின் இரும்புக்குள், மேற்பரப்போடு சமமாக, பிடிப்பதற்கு ஒரு நூலளவு விளிம்பும் இல்லாமல் நின்றுவிட்டது. பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்காகத்தான் இதனை எழுதுகிறேன். கார்களில் ஆர்வம் இல்லாதவர்களும் சற்றுப் பொறுமையோடு தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். விடயம் காரைப் பற்றியது மட்டுமல்ல.

முறிந்த ஆணியை எடுப்பதற்கென்றே விற்கப்படும் ஒரு கருவி உண்டு. முறிந்த துண்டின் நடுவில் துளையிட்டு, அத்துளைக்குள் இடஞ்சுழியாகப் புரி வெட்டப்பட்ட கூம்பு போன்ற ஓர் ஆணியை இறுக்குவார்கள். அது உள்ளே பற்றிப்பிடித்துத் துண்டைப் பின்புறமாகச் சுழற்றி வெளியே கொண்டுவரும் என்பது கொள்கை. ‘ஈசி அவுட்’ என்பது அதற்கு நம் கராஜ்களில் வழங்கும் பெயர். சுலபமாக வெளியே வரும் என்று பொருள்பட யாரோ வைத்த அந்தப் பெயரைப்போல ஏமாற்றான பெயரை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஸ்பானரின் நீண்ட கைப்பிடிக்கே அசையாமல் முறிந்த ஆணி, அதைவிட மெல்லிய ஒரு கூம்புக்கு அசையுமா? போதாக்குறைக்கு, கூம்பு உள்ளே இறங்க இறங்கத் துண்டைப் பக்கவாட்டில் விரித்து, துளையின் சுவரோடு இன்னும் இறுக்கமாக அழுத்துகிறது. கருவியோ மிகக் கடினமான உருக்கினால் செய்யப்பட்டது. கடினமானது வளையாது, முறியும். உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண துளையூசி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர அதை வெட்டாது.

முதலாளியே முன்வந்து அந்தக் கருவியைப் போட்டார். அதுவும் உள்ளேயே முறிந்தது.

“ஹெட்டையே மாத்துவோம் சேர். இல்லாட்டி ஜப்பான் எஞ்சின் ஒண்டு போட்டுத் தாறன். இந்த இரும்போடை இனி மல்லுக்கட்ட ஏலாது” என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டபோது, காரை விற்றுவிடலாமே என்ற எண்ணம் முதன்முறையாக எனக்கு வந்தது. கொழும்பிலிருந்து ஒருவர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியும் அதுவே சரி என்றாள். தந்தையார் இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. காரும் போகட்டும் என்பது அவளுடைய நியாயம். அதில் பிழை காண முடியாது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நினைவில் வந்துகொண்டிருந்தவர் பிட்டர் மாமா.

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர் அவர். தேயிலைத் தொழிற்சாலை என்றால் கொழுந்து வாட்டுவதும் அரைப்பதும் மட்டும்தான் என்று வெளியார் நினைக்கிறார்கள். உருட்டு இயந்திரங்கள், உலர்த்தி, சல்லடைகள், அவற்றை ஓட்டும் தண்டுகள், பட்டிகள், தாங்கிகள் என்று பார்த்தால் அது ஒரு முழு இயந்திரசாலை. இரவில் உருட்டு இயந்திரம் நின்றால் விடிவதற்குள் கொழுந்து கெட்டுவிடும். பிரித்தானியாவிலிருந்து உதிரிப்பாகம் வரும்வரை கொழுந்து காத்திருக்காது. ஆகவே பிட்டர் என்பவர் எதையும் திருத்தத் தெரிந்தவராக இருந்தே ஆகவேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அம்மனிதர் அரை அங்குலத்தின் எட்டிலொரு பங்கை விரலால் தடவிச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் காரைப் பார்க்க வருவார். துருவேறிய நட்டு எதையும் அவர் உடனே தொட்டதில்லை. மண்ணெண்ணெயில் கொஞ்சம் கியர் எண்ணெயைக் கலந்து கோழியிறகால் தடவிவிட்டுப் பீடி பற்றவைப்பார். நான் சிறுவன், அவசரப்படுவேன். “பொறுங்க தம்பி, எண்ணெய் குடிக்கட்டும்” என்பார். சிலவேளை அது அடுத்த ஞாயிறு வரை குடிக்கும்.

1982இல் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். போனார் என்று எழுதுவது சரியல்ல, அனுப்பப்பட்டார். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதியாக விடப்பட்ட ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எந்தக் கணக்கில் பிட்டர் மாமா அகப்பட்டார் என்று எனக்குத் தெரியாது. மாத்தளை நிலையத்தில் அவர்களை வழியனுப்பியது நினைவிருக்கிறது. கண்டிக்குப் போய், அங்கிருந்து தலைமன்னார் செல்லும் ரயில் ஏறி, பிறகு இராமேஸ்வரத்துக்குக் கப்பல். மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டது அந்த ரயிலுக்குத்தான். தன் ஆயுதப் பெட்டியை அவர் எடுத்துச் செல்லவில்லை, தோட்டத்துச் சொத்து என்று ஒப்படைத்துவிட்டார். பின்னர் நீலகிரியிலிருந்து தந்தையாருக்கு ஒரு கடிதம் வந்தது. மலைக்காட்டில் கூலி வேலை செய்வதாகவும், குளிர் நம் ஊரைப் போலவே இருப்பதாகவும் எழுதியிருந்தார். இயந்திரங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். உலகத்து மரையாணிகள் நெடுங்காலம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தன. 1841இல் ஜோசப் விட்வேர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த அளவில் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்கர்கள் 60 பாகையை வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்று போரிட்ட இரு நாடுகளும், ஒருவருடைய ஆணி மற்றவருடைய இயந்திரத்தில் ஏறாமல் பெரும்பாடு பட்டன. அந்தப் பாடத்தின் விளைவாக 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்றும் வாஷிங்டனில் கூடி இனி எல்லோருக்கும் ஒரே மரை என்று உடன்பட்டன. மொறிஸ் மைனர் முதன்முதலாக இலண்டன் கண்காட்சியில் காட்டப்பட்டதும் அதே 1948இல்தான். என் காரின் எஞ்சினில் உள்ளவை அந்த ஒருங்கிணைந்த மரைகளே. அதே 1948இல், புதிதாகச் சுதந்திரம் பெற்ற இலங்கையின் பாராளுமன்றம் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, பிட்டர் மாமாவைப் போன்ற இலட்சக்கணக்கானோர் இந்த நாட்டுக்குப் பொருந்தாதவர்கள் என்று தீர்மானித்தது. எழுதும்போதே கை கசக்கிறது. தொடர்கிறேன்.

மறுநாள் காலையில் நகரத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பழைய நண்பர் ஒருவர், பலாபத்வலவில் ஒரு ‘பாஸ் உன்னஹே’ இருப்பதாகச் சொன்னார். எழுபதைத் தாண்டிய சிங்களப் பெரியவர். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் டிப்போ ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவர். வீட்டுப் பின்புறத்தில் பலா மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அதுவே கராஜ். காரை மறுபடி கயிறு கட்டி அங்கே இழுத்துக்கொண்டு போனோம்.

அவர் முதலில் காரைத் தொடவே இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு டோர்ச் விளக்கோடு குனிந்து ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு, “மாத்தயா, இது ஆணி செய்த பிழை இல்லை. மனிசன் செய்த பிழை” என்று தமிழிலேயே சொன்னார். எந்த மனிதன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. விடை மூன்றாம் நாள் கிடைத்தது.

முதல் நாள் முழுவதும் எண்ணெய்தான். களிமண்ணால் துளையைச் சுற்றி ஒரு சிறு வரம்பு கட்டி, அதற்குள் மண்ணெண்ணெய்க் கலவையை ஊற்றி, இடையிடையே மெல்லிய தட்டுத் தட்டினார். பலமாக அல்ல, கதவைத் தட்டுவதைப் போல. அந்த அதிர்ச்சியில் துருப்படிவம் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்து எண்ணெய்க்கு வழிவிடும் என்றார். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் கனவளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். மரைகளுக்கிடையே அவ்வளவு இடம் ஏது? ஆகவே துரு தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. அலுமினிய மூடியின் துளைக்குள் நடப்பது இன்னும் மோசம். அலுமினியம், உருக்கு, நடுவே சுடுநீர் மூன்றும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் கரைந்து வெண்ணிறப் பொடியாகிச் சிமெந்துபோல ஆணியைப் பற்றிக்கொள்கிறது. முதலாளியின் கராஜில் முறிந்தது பையனுடைய முரட்டுத்தனத்தால் மட்டுமல்ல. ஸ்பானரின் கீழே இரு முனைகளிலும் ஆணி கட்டுண்டு கிடந்தது.

இரண்டாம் நாள் உள்ளே முறிந்து கிடந்த கருவியின் துண்டை அகற்றினார். எது முறியுமோ அதை முறித்தே எடுப்பது அவர் வழி. கூர்மையான ஒரு சிறு உளியைக் கருவியின் மேல் வைத்துச் சுருக்கென்று ஓர் அடி. கண்ணாடிபோல ஒரு சில்லு பெயரும். அதைக் காந்தத்தால் எடுத்துவிட்டு அடுத்த அடி. கண்ணுக்குக் கவசம் போடச் சொல்லி எனக்கும் ஒன்று தந்தார். கை நடுங்குகிறதே என்று நான் கவலைப்பட்டேன். உளி பிடித்த கை நடுங்கவில்லை, தேநீர்க் கோப்பை பிடித்த கைதான் நடுங்கியது. அந்தத் துண்டு முழுவதும் வெளியே வர மதியம் இரண்டு மணி ஆயிற்று. வெளியே கொட்டிய சில்லுகளை எல்லாம் சேர்த்தால் ஒரு தேக்கரண்டி நிறையாது.

மூன்றாம் நாள் அவருடைய மருமகன் வெல்டிங் இயந்திரத்தோடு வந்தார். ஆணியின் நடுவில் முன்பே போட்டிருந்த துளையின் அடியிலிருந்து உலோகத்தை உருக்கி நிரப்பிக்கொண்டு மேலே வந்தார்கள். துண்டு ஒரு முளைபோலத் தலை காட்டியதும், அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உட்புறத்தோடு சேர்த்து ஒட்டினார்கள். இப்போது முறிந்த ஆணிக்குப் புதிய தலை கிடைத்துவிட்டது. ஆனால் அதைவிட முக்கியமானது வெப்பம். செந்நிறமாகக் காய்ந்த துண்டு விரிவடைய முயன்று, இடமில்லாமல் நசுங்கி, ஆறும்போது முன்னிருந்ததைவிட இம்மியளவு சுருங்குகிறது. அந்த இம்மியில் துருவின் பிடி விட்டுப்போகிறது. முதல் முறை ஒட்டிய நட்டு பிய்ந்துகொண்டு வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு நட்டை நீட்டினார். இரண்டாவது ஒட்டியது. சூடு சற்றுத் தணிந்ததும் ஒரு மெழுகுதிரியை மரையின் ஓரத்தில் தேய்த்தார். மெழுகு உருகி உள்ளே உறிஞ்சப்பட்டதைக் கண்ணால் கண்டேன்.

பிறகு ஸ்பானர். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் முதலில் அதை இறுக்கும் பக்கமாகத் திருப்பினார், மயிரிழையளவு. பின்பு கழற்றும் பக்கம். மறுபடி இறுக்கும் பக்கம். அரைக்கால் சுற்றுக்கு அரைமணி நேரம். திடீரென்று ஒரு கிறீச்சொலி கேட்டது. “எனவா” என்றார் மருமகன். வருகிறது என்று பொருள். வந்தது.

வெளியே வந்த துண்டையும் முன்பு முறிந்த மேற்பாதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பெரியவர், மேற்பாதியில் சிக்கியிருந்த நட்டை என்னிடம் நீட்டினார். அது இந்த எஞ்சினுக்கு உரிய நட்டு அல்ல. எஞ்சினின் ஆணி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, அதாவது 7.94 மில்லிமீற்றர் தடிப்பம், அங்குலத்துக்கு 24 மரை. நட்டோ ஜப்பானிய வாகனங்களில் வரும் 8 மில்லிமீற்றர் நட்டு. அதன் மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீற்றர். தடிப்பம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒரு சுற்று ஏறும். பிறகு இறுகும். நன்றாக இறுகிவிட்டது என்று நினைத்து இன்னும் இழுத்தால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பிணைந்துவிடும்.

அந்த நட்டைப் போட்டவன் நானேதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தம்புள்ளைக்கு அருகில் வீதியோரத்தில் கழன்று விழுந்த நட்டுக்குப் பதிலாக, ஒரு முச்சக்கர வண்டிச் சாரதியிடம் வாங்கி அவசரத்தில் ஏற்றியது. இது போதாதென்று, றேடியேற்றருக்கு இத்தனை ஆண்டுகளாக வெறும் கிணற்று நீரையே ஊற்றி வந்திருக்கிறேன். குளிரூட்டித் திரவம் பனி பெய்யும் நாட்டுக்காரர்களுக்கு உரியது, நமக்கு எதற்கு என்பது நம்மவர்களிடையே பரவலாக உள்ள ஓர் அறிவீனம். அத்திரவம் உறைவதை மட்டும் தடுப்பதில்லை. துருவைத் தடுக்கும் பொருள்களும் அதில்தான் இருக்கின்றன. ஆக, நகரத்துக் கராஜ் முதலாளியை மனத்துக்குள் நான் திட்டியதெல்லாம் என்னையே திட்டிக்கொண்டதாகும்.

புதிய ஆணியை நகரிலுள்ள லேத் பட்டறை ஒன்றில் கடைந்து எடுத்தோம். பழைய லேத் என்பதால் அங்குலக் கணக்கு மரை அதற்குச் சிரமமாக இருக்கவில்லை. செப்புத்தூள் கலந்த கிறீஸைத் தடவி ஏற்றினார்கள். கார் ஓடியது.

கணக்குத் தீர்க்கும் நேரம் வந்தது. மூன்று நாள், இரண்டு பேர். அவர் கேட்ட தொகை, எஞ்சின் தலையை மாற்றுவதற்குச் சொல்லப்பட்ட தொகையில் பத்திலொன்றுதான். ஆனால், வாசகர்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அதைக் கேட்ட அந்தக் கணத்தில் என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், ஓர் ஆணியை எடுப்பதற்கு இவ்வளவா என்பதே. அந்த எண்ணத்துக்காக நான் வெட்கப்பட்டேன். நம்முடைய நோய் எதுவென்று எனக்குப் புரிந்ததும் அந்தக் கணத்தில்தான்.

நாம் பொருளுக்குப் பணம் கொடுப்போம். நேரத்துக்குக் கொடுக்க மாட்டோம். கராஜில் எழுதித் தரும் பற்றுச்சீட்டைப் பாருங்கள். உதிரிப்பாகங்களின் பெயர்களும் விலைகளும் வரிசையாக இருக்கும், கடைசியில் ‘கூலி’ என்று ஒரு வரி. வரிசையிலுள்ள எதையும் நாம் கேள்வி கேட்பதில்லை. பேரம் பேசுவது கடைசி வரியில் மட்டும்தான். புதிய பாகம் பெட்டிக்குள் வருகிறது, கையில் கனக்கிறது, அதற்கு விலை உண்டு என்று நம்புகிறோம். மூன்று நாள் பொறுமை கையில் கனப்பதில்லை. இப்படியிருக்க, நகரத்து முதலாளி ‘மாற்றிவிடுவோம்’ என்று சொன்னதில் என்ன வியப்பு? திருத்தினால் அவருக்கு நட்டம், மாற்றினால் இலாபம். அந்தக் கணக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்களாகிய நாம்.

பழையதை மெச்சும் கிழவனின் புலம்பல் இது என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. இந்த நாட்டின் திருத்தும் திறமை ஒரு பொற்காலத்தில் பிறந்ததல்ல, வறுமையில் பிறந்தது. 1960களில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1970க்கும் 1977க்கும் இடையில் உச்சத்தை அடைந்தபோது, புதிய காரும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. இருந்ததை ஓட்டியே ஆகவேண்டும். பாணுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தை நான் சிறுவனாக அறிவேன். அது திரும்ப வரவேண்டும் என்று கேட்பவன் மூடன். ஆனால் அந்த நெருக்கடியில் விளைந்த கைத்திறன் உண்மையானது. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திவந்த சார்ல்ஸ் வெயர் என்பவர், இக்கார்களுக்கான பாகங்களை இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்று அவர்கள் பெருமை பேசிய வண்டி அது. அதன் பாகங்களைச் செய்யும் கை அவர்கள் நாட்டில் அருகிப்போய், நம் நாட்டில் எஞ்சியிருந்தது. இந்தச் செய்தியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அண்மைய நெருக்கடியும் அதே பாடத்தைத்தான் சொன்னது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாடு ஓடியது பழைய வாகனங்களில். 2022இல் அந்நியச் செலாவணி வற்றிப்போய், பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். அப்போது எல்லோரும் ‘பாஸ்’மாரைத் தேடி ஓடினார்கள். கதவு திறந்ததும் மறந்துவிட்டார்கள்.

பழைய கார்கள் ஒரு சில ஆர்வலர்களின் விளையாட்டு, அதற்காக ஒரு தொழிலைக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்கலாம். முறியும் ஆணி மொறிஸ் மைனரோடு முடிந்துவிடுகிறதா? இன்றைய எஞ்சின் தலைகள் பெரும்பாலும் அலுமினியம். அவற்றில் உருக்கு ஆணிகள். புகைபோக்கிக் குழாயைத் தாங்கும் ஆணி முறியாத பஸ் எந்த டிப்போவிலும் இராது. முச்சக்கர வண்டி, நெல் வெட்டும் இயந்திரம், நீரிறைக்கும் பம்பி எல்லாவற்றிலும் இதே கதை. தொழிற்பயிற்சி நிலையங்களில் பிள்ளைகளுக்குக் கணினியைச் செருகிக் குறை கண்டறியக் கற்றுக்கொடுக்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் குறை எங்கே என்று கணினி சொன்ன பிறகு, அங்கே போய் ஒரு நட்டைக் கழற்ற வேண்டியது கைதானே. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பொருள்களைத் திருத்திப் பயன்படுத்தும் உரிமைக்கென்று ஒரு சட்ட நெறியையே நிறைவேற்றியிருக்கிறது. செல்வம் கொழிக்கும் நாடுகள் திருத்துவதை உரிமையாகக் கேட்கும்போது, கடன் வாங்கி இறக்குமதி செய்யும் நாம் அதைத் தரித்திரத்தின் அடையாளமாகக் கருதுவது எனக்கு விளங்கவில்லை.

என்ன செய்யலாம்? அரசாங்கம் ஒரு திட்டம் வகுக்கட்டும் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவது பத்திரிகைக்காரனுக்குச் சுலபம். முப்பது ஆண்டுகளாக நானும் அதைத்தான் செய்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது அதைவிடச் சிறியது. பயிற்சி நிலையங்கள் தங்கள் பிள்ளைகளை ஆறு மாதமாவது இத்தகைய கொட்டகைகளுக்கு அனுப்பலாம். பெரியவருக்கு அதற்கு ஊதியம் கொடுக்கலாம். கராஜ்கள் பற்றுச்சீட்டில் மணித்தியாலங்களை எழுதலாம். அதைவிட முதலில், அந்தக் கடைசி வரியில் பேரம் பேசுவதை நாம் நிறுத்தலாம். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒரு மணித்தியாலக் கூலியைக் கேள்வி கேட்காமல் செலுத்துபவர்கள், விடுமுறையில் ஊருக்கு வந்ததும் பாஸ்காரனிடம் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நான் கண்டிருக்கிறேன்.

பலாபத்வலப் பெரியவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் கொரியாவில் தொழிற்சாலையொன்றில் இருக்கிறார். இளையவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். மருமகனுக்கு வெல்டிங் தெரியும், இந்த வேலை தெரியாது, பழகவும் விருப்பமில்லை. “காசு இல்லைதானே மாத்தயா” என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இருக்கவில்லை. பிட்டர் மாமாவைக் கப்பலேற்றி அனுப்ப ஓர் ஒப்பந்தம் வேண்டியிருந்தது. இவர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை.

கேட்ட தொகையோடு இன்னொரு நாள் கூலியையும் சேர்த்துக் கொடுத்தேன். முதலில் மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார். எஞ்சின் நாலைந்து முறை சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி பார்க்கவேண்டும், சனிக்கிழமை கொண்டுவாருங்கள் என்றார். திரும்பும் வழியில் நகரத்துக் கராஜில் நிறுத்தி, வெளியே வந்த ஆணித் துண்டை அந்தப் பையனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். “உள்ளுக்க ஒடைஞ்ச ஈசி அவுட்ட எப்பிடி சேர் எடுத்தாங்க?” என்று கேட்டான். சொன்னேன். நம்பவில்லை. சனிக்கிழமை என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். முதலாளி விடமாட்டார் என்றான். முதலாளியிடம் நான் பேசினேன். அரைநாள் விடுவதாகவும் அரைநாள் சம்பளம் வெட்டுவதாகவும் சொன்னார். அந்த அரைநாள் சம்பளத்தை நான் கொடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை ஏழரைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.